ஞாயிறு வரை காத்திராத நோய்

மாரிக்குப்பத்திலிருந்து விடியலில் பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28ல் மூடப்பட்ட பிறகு கோலார் தங்கவயலின் பிழைப்பு நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவர்களின் வீடுகளில் பகல் முழுக்க இருப்பது வயதானவர்களும் பூனையும்தான். எலிக்காகக் கொண்டுவந்து, பிறகு வீட்டுப் பிள்ளையாகிவிட்ட பூனை. அதற்கு உடம்பு சரியில்லை என்பது யார் கண்ணில் படும்?

பெரும்பாலும் தாமதமாகத்தான் படும். நாய்க்கு வலித்தால் முனகிக்கொண்டு காலடியில் வந்து படுக்கும். பூனை மறைக்கும். அது வேட்டையாடும் பிராணி மட்டுமல்ல, பெரிய விலங்குகளுக்கு இரையாகும் பிராணியும்கூட. பலவீனத்தை வெளிக்காட்டினால் ஆபத்து என்பது அதன் ரத்தத்தில் ஊறிய பாடம். எனவே கட்டிலுக்கு அடியிலோ பரண் மேலோ ஒடுங்கிக்கொள்ளும். மடியில் படுத்துக் 'குர்குர்' என்கிறதே, சுகமாகத்தான் இருக்கிறது என்று நம்பிவிடவும் முடியாது. வலியிலும் பூனைகள் அப்படிச் சத்தமிடுவதுண்டு.

ஆக, தேட வேண்டியது வலியை அல்ல, பழக்கத்தில் வந்த மாற்றத்தை. தினமும் அலமாரி மேல் தாவிய பூனை இன்று தயங்குகிறதா? நாள் முழுக்க உடம்பை நக்கிச் சுத்தம் செய்வது நின்றுபோய், ரோமம் சிலும்பி நிற்கிறதா? வயதான பூனை இளைத்துக்கொண்டே போய், தண்ணீரை மட்டும் அதிகமாகக் குடிக்கிறதா? சிறுநீரகக் கோளாறாகவோ சர்க்கரை நோயாகவோ இருக்கலாம். இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பதையும் 'விரதம்' என்று விட்டுவிடக் கூடாது. குறிப்பாகக் கொழுத்த பூனை பட்டினி கிடந்தால் கொழுப்பு ஈரலில் சேர்ந்து உயிருக்கே உலை வைக்கும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நாளுக்கு இரண்டு பார்வை போதும். காலையில் தட்டில் மீதி இருக்கிறதா என்று ஒன்று. இரவில் பூனை தூங்கும்போது அதன் விலா ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து ஒரு நிமிடம் எண்ணுவது இன்னொன்று. எண்ணிக்கை முப்பதுக்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதைத் தாண்டினால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூச்சைப் பற்றித் தங்கவயலுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1940களில் இங்கே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு 43 பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருந்தது. வெறும் இருமல் என்று விட்டதன் விலை பல குடும்பங்களுக்குத் தெரியும். இன்றும் ஊரைச் சுற்றி மூன்று கோடி டன்னுக்கு மேல் சுரங்கக் கழிவு குன்றுகளாகக் கிடக்கிறது. பலத்த காற்றடித்தால் தூள் பறக்கிறது. பூனைக்கும் ஆஸ்துமா உண்டு. தூசியும் புகையும் அதைக் கிளப்பிவிடும். தரையோடு பதுங்கி, கழுத்தை நீட்டி அடிக்கடி இருமினால் 'ரோமம் தொண்டையில் சிக்கியிருக்கும்' என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இவையெல்லாம் ஓரிரு நாளில் டாக்டரிடம் காட்ட வேண்டியவை. சில அறிகுறிகளுக்கு அந்த அவகாசமும் கிடையாது. ஆண் பூனை திரும்பத் திரும்ப முக்கியும் ஒரு சொட்டு சிறுநீர்கூட வரவில்லை என்றால் பாதை அடைத்திருக்கிறது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுப்பவர்கள் உண்டு. அடைப்பு நீங்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் பூனை இறந்துவிடும். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, ஈறு வெளுப்பது, மஞ்சளாவது அல்லது நீலம் பாரிப்பது, பின்னங்கால் திடீரென இழுத்துக்கொள்வது, குட்டி விடாமல் வாந்தி எடுப்பது, இவை எதற்கும் ஞாயிற்றுக்கிழமை லீவு வரை காத்திருக்க முடியாது. எலி மருந்து தின்ற எலியைப் பூனை தின்றிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலும் அப்படித்தான்.

காத்திருக்கும் நேரத்தில் கைவைத்தியம் செய்வது அதைவிட மோசம். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காய்ச்சலுக்கு மனிதர்கள் போட்டுக்கொள்ளும் ஒரே மாத்திரை அதைக் கொன்றுவிடலாம். வலியில் இருக்கும் பூனை வளர்த்தவரையே கடிக்கும். அதனால் துண்டில் சுற்றித் தூக்க வேண்டும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடி ஊசி பற்றி அன்றே மருத்துவமனையில் கேட்க வேண்டும்.

ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. தினமும் ரயிலேறுகிற குடும்பத்துக்கு அது சின்ன விஷயமல்ல. அதனால்தான் வீட்டில் இருக்கும் பாட்டிக்கும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் இந்த அறிகுறிகளைச் சொல்லிவைக்க வேண்டும். எப்போதிருந்து சாப்பிடவில்லை, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்ற இரண்டு விவரங்களை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொடுத்தாலே டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். அறிகுறியை முதலில் பார்த்தவரே பூனையைக் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பலாம். கடைசி ரயில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.