நாலெழுத்து

"நாலெழுத்துப் படித்தவன்" என்று ஒரு மனிதனை மரியாதையாகக் குறிப்பிடுவது நம் ஊர்களில் வழக்கம். அந்த நாலெழுத்து எவை என்று யாரும் விசாரித்ததில்லை. ஜெயமங்கலத்துக்குப் போயிருந்தபோது எனக்கு அது தெரிந்துவிட்டது. ஓ, யூ, ஜி, எச்!

பெரியகுளத்துக்கு அருகே, வராக நதியின் தயவில் நெல்லும் தென்னையுமாக இருக்கிற ஊர் அது. உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி நோட்டுப் புத்தகத்தின் மேல் கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். பதில் சொன்னது அவளைப் பெற்றவள்தான்.

"என்னத்தச் சொல்ல அண்ணே! இதுக்கு இங்கிலீசு ஏற மாட்டேங்குது. இந்த வருசத்தோட படிப்ப நிப்பாட்டிரலாமான்னு இருக்கு."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். இந்த நான்கு எழுத்துக்களும் சேர்ந்து வருகிற ஆங்கிலச் சொற்களாகப் பொறுக்கி ஒரு பட்டியல். முதலில் இருந்தது, 'ஆயினும்' என்று பொருள்படும் 'தோ'. அதைச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தப் பெண் அதைப் பிடித்துக்கொண்டு, இருமலைக் குறிக்கிற அடுத்த சொல்லைக் 'கோ' என்று படித்தாள். முரட்டுத்தனத்தைக் குறிக்கிற சொல்லை 'ரோ' என்றாள். மரக்கிளையைப் 'போ' என்றாள். வகுப்பே சிரித்ததாம். அவை 'காஃப்', 'ரஃப்', 'பௌ' என்று ஒலிக்க வேண்டுமாம். ஒவ்வொன்றையும் நூறு தடவை எழுதி வர இம்போசிஷன்!

நான் கேட்கிறேன்: அந்த வகுப்பில் மூளையை உபயோகித்தது யார்? ஒரே எழுத்துக்களுக்கு ஒரே ஓசைதான் இருக்க முடியும் என்று நினைத்தாளே, அவளா? ஏன், எதற்கு என்று கேளாமல் சொன்னதை விழுங்கிவிட்டுச் சிரித்தார்களே, அவர்களா? அவள் செய்தது பிழைதான். ஆனால் அறிவுள்ள பிழை. அதற்குத் தண்டனை தருகிறவர்கள் ஆங்கிலம் கற்பிக்கவில்லை. யோசிக்காதே என்று கற்பிக்கிறார்கள்.

"இவர் ஆங்கில விரோதி" என்று யாரும் அவசரப்பட வேண்டாம். அந்த மொழியின் நாவல்களைப் படித்து வளர்ந்தவன் நான். ஜெயமங்கலத்துப் பெண்ணுக்கு ஆங்கிலம் வேண்டும், நன்றாகவே வேண்டும். ஆனால் ஆங்கிலத்தின் குழப்பத்தைக் குழந்தையின் முட்டாள்தனம் என்று சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை?

அந்தக் குழப்பத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஜி, எச் என்று இன்று எழுதப்படும் இடங்களில் ஒரு காலத்தில் ஆங்கிலேயர்கள் தொண்டையிலிருந்து ஓர் ஓசையை எழுப்பினார்கள். ஜெர்மானியர்கள் இரவையும் வெளிச்சத்தையும் சொல்லும்போது அந்த மாதிரி ஓசை இன்றும் கேட்கிறது. 1476-இல் காக்ஸ்டன் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் வைத்தார். அடுத்து வந்த காலத்தில் எழுத்து அச்சில் உறைந்தது. பேச்சோ மாறிக்கொண்டே போயிற்று. தொண்டை ஓசை சில சொற்களில் மறைந்தது. சிலவற்றில் 'ஃப்' ஆயிற்று. ஆள் போய்விட்டான், சட்டை மட்டும் கொடியில் தொங்குகிறது. அந்தச் சட்டைக்குத்தான் நம் பிள்ளைகள் கும்பிடு போடுகிறார்கள்.

இன்னொரு வேடிக்கை. விக்கலுக்கு ஆங்கிலத்தில் 'ஹிக்கப்' என்று ஒரு சொல். அது இருமலுக்கு உறவு என்று தப்பாக நினைத்துக்கொண்டு, அதன் வாலிலும் இந்த நாலெழுத்தை ஒட்டவைத்தார்கள் ஆங்கிலேயர்கள். உச்சரிப்பு மட்டும் பழையபடியே இருந்தது. அவர்கள் செய்த பிழை அகராதியில் ஏறிற்று. அவர்களுக்கு யார் இம்போசிஷன் கொடுத்தது?

இதையெல்லாம் ஆங்கிலேயர்களே அறிவார்கள். 1950-இல் காலமான பெர்னார்ட் ஷா, குறைந்தது 40 எழுத்துக்கள் கொண்ட புதிய நெடுங்கணக்கு ஒன்றை உண்டாக்க உயிலில் பணம் ஒதுக்கிவிட்டுப் போனார். 1962-இல் அவருடைய நாடகம் ஒன்று அந்தப் புது எழுத்தில் அச்சாகியும் வந்தது. உலகம் அதை ஏற்கவில்லை. அது வேறு விஷயம். ஆனால் ஷா குற்றம் கண்டது எழுத்தில், குழந்தைகளிடத்தில் அல்ல.

நம் கதையைப் பாருங்கள். ணை, லை, றா, னா போன்ற 13 எழுத்துக்கள் முன்பு மற்றவற்றோடு ஒட்டாமல் தனி வடிவில் இருந்தன. பெரியார் 1935-இலேயே 'குடி அரசு' பத்திரிகையில் அவற்றை ஒழுங்குபடுத்தி அச்சிட்டார். 1978-இல் தமிழக அரசு அதை ஏற்றுக்கொண்டது. குழந்தைகளுக்குச் சுமை குறைந்தது. தமிழ் அழிந்தா போயிற்று? 'க' என்ற ஓர் எழுத்து கடலில் ஒரு விதமாகவும், தங்கத்தில் ஒரு விதமாகவும், அகலில் ஒரு விதமாகவும் ஒலிக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் அதற்கு இடம் பார்த்து ஒரு நியதி உண்டு. அந்த நியதியை அறிந்த குழந்தை, ஆங்கிலத்திலும் ஒரு நியதியைத் தேடியது. அதுவா குற்றம்?

எழுத்து ஒன்றாக இருப்பதால் சொற்கள் உறவாகிவிடா. இருமலுக்கும் மரக்கிளைக்கும் என்ன சம்பந்தம்? பட்டியலைக் கிழித்துப் போடுங்கள். "தாத்தா இரவெல்லாம் இருமினார்" என்று ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுங்கள். அந்தச் சொல் தானே வந்து உட்காரும். "இந்த எழுத்து கோணல்தான் அம்மா, பழகிக்கொள்" என்று உண்மையையும் சொல்லுங்கள். ஜெயமங்கலம் என்ற பெயரையே ஆங்கிலத்தில் சிலர் 'ஜே, ஈ' என்றும் சிலர் 'ஜே, ஏ' என்றும் தொடங்கி எழுதுகிறார்கள். அதற்காக யாரும் யாருடைய படிப்பையும் நிறுத்திவிடவில்லையே!

2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், குழந்தையின் உடம்பை மட்டுமல்ல, மனத்தையும் வதைக்கக் கூடாது என்கிறது. ஒரு வகுப்பே சிரிக்கப் பார்த்துக்கொண்டிருப்பது எந்த வகையில் சேர்த்தி?

திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கதையைத்தான் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"அப்ப, மக்கு நான் இல்லையா மாமா?"

இந்தக் கேள்வியை ஒரு குழந்தை கேட்கும்படி வைத்த நாம், எத்தனை எழுத்துப் படித்து என்ன?