அடைக்க வேண்டிய பல்லைப் பிடுங்குற ஊர்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தைக்குப் போனால் எங்க ஊர் ஆட்கள் முதலில் பார்ப்பது மாட்டோட வாயைத்தான். உதட்டைத் தூக்கி, ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துருச்சா என்று பார்த்த பிறகுதான் துண்டுக்கடியில் விலை பேசுவார்கள். பல் ஆடுகிற மாடு தீவனம் எடுக்காது, தீவனம் எடுக்காத மாடு ஏர் இழுக்காது. இந்தக் கணக்கு எங்க ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும். ஆனால் வீட்டில் இருக்கிற மனுசங்களோட வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவங்க எத்தனை பேருங்க?

எங்க பக்கம் பல்லுக்கு ரெண்டே வைத்தியம்தான். முதலில் கிராம்பு. அதுக்கும் அடங்கலைன்னா டவுனுக்கு பஸ் ஏறிப் போய்ப் பிடுங்கிட்டு வருவது. நடுவில் 'அடைப்பது' என்று ஒன்று இருப்பதே பல பேர் கணக்கில் வருவதில்லை. கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடிச்சா புழு கொட்டும் என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொத்தைக்குள்ள புழு எதுவும் கிடையாதுங்க. நாம தின்கிற இனிப்பையும் மாவையும் வாயில் இருக்கிற கிருமிகள் தின்று அமிலமாக்குகின்றன, அந்த அமிலம் பல்லைக் கரைக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

"இப்ப பல்லு கலர்லயே அடைக்கிறாங்க, போய் அடைச்சுட்டு வாங்க" என்று சொன்னால், "நான் என்ன சினிமாவுலயா நடிக்கப் போறேன்? எனக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று பதில் வருகிறது. இந்தப் பேச்சுக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். அந்த வெள்ளை அடைப்பு ஏதோ டவுன்காரங்க அழகுக்குப் போடுறது என்று நினைத்தே நம்ம ஆளுங்க ஒதுக்கிவிடுகிறார்கள். வேலைக்கு ஆவது அதோட கலர் இல்லை, அது பல்லில் ஒட்டுகிற விதம்.

முன்னெல்லாம் வெள்ளி அடைப்பு போடுவார்கள். வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த பொடியைப் பாதரசத்தில் குழைத்து அடைப்பது. எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். கெட்டியான சரக்கு, அதைக் குறை சொல்ல மாட்டேன். எங்க அப்பா அதை வைத்துக்கொண்டுதான் கடைசி வரைக்கும் கரும்பு கடித்தார். ஆனால் அது பல்லோடு ஒட்டாது. குழியின் வாய் குறுகி, அடி அகலமாக இருந்தால்தான் பிடித்து நிற்கும். அதற்காக நல்ல பல்லையும் சேர்த்துக் குடைய வேண்டும். பாதரசக் கழிவால் சீரழிந்த ஜப்பானின் மினமாட்டா ஊர் பெயரில் 2013இல் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் போட்டன. பல் அடைக்கிற பாதரசத்தைக் குறைப்பதும் அதில் ஒரு பகுதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜனவரியிலிருந்து, தவிர்க்க முடியாத சில நேரம் தவிர, அதைப் போடுவதில்லை. ஏற்கெனவே வாயில் வைத்திருப்பவர்கள் பயந்துபோய் நோண்டி எடுக்க வேண்டாம். நன்றாக இருக்கிற அடைப்பு அப்படியே இருக்கட்டும்.

பல் நிற அடைப்பை டாக்டர்கள் காம்போசிட் என்பார்கள். பிசினும் ரொம்ப நைசான கண்ணாடித் தூளும் கலந்த பசை அது. சொத்தையைச் சுரண்டி எடுத்ததும் ஒரு அமிலத்தைச் சில நொடி தடவிக் கழுவுகிறார்கள். வழவழப்பான பல் சொரசொரப்பாகிறது. பழைய சுவரில் பூச்சு பூசும் முன்னாடி கொத்தனார் சுவரைக் கொத்தி விடுவார் இல்லைங்களா, அதே வேலை. இந்த வழியை 1955இல் எழுதி வெளியிட்டவர் அமெரிக்காவின் மைக்கேல் புவனகோர். தகரத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்திருக்கிறது.

அப்புறம் ஒட்டு மருந்து. அதற்கு மேல் ரெண்டு மில்லிமீட்டர் கனத்துக்குப் பசை. நீல வெளிச்சம் காட்டியதும் இறுகிவிடும். பிறகு அடுத்த அடுக்கு. மொத்தமாக அப்பினால் அடி வரைக்கும் வெளிச்சம் போகாது, இறுகும்போது சுருங்கி ஓரத்தில் சந்தும் விடும். இப்படிப் பல்லோடு ஒட்டிக்கொள்வதால், கெட்டுப்போனது எவ்வளவோ அவ்வளவை மட்டும் எடுத்தால் போதும். கடுகளவு சொத்தை என்றால் கடுகளவு குழி. வரப்பில் நண்டு வளை தெரிந்தால் அன்றைக்கே ஒரு கூடை மண்ணைப் போட்டு மிதித்துவிடுகிறோம். வரப்பு உடைந்து பக்கத்துக் காட்டுக்குத் தண்ணி போகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்று யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.

அதில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. எச்சில் பட்டால் ஒட்டாது. அதனால் பஞ்சு வைத்து, எச்சிலை உறிஞ்சிக்கொண்டே மெதுவாகத்தான் செய்ய முடியும். எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வாயைத் திறந்தே வைத்திருந்ததில் தாடை இற்றுப்போச்சு. அவசர அவசரமாகப் பத்து நிமிசத்தில் போட்டு அனுப்புகிற இடத்தில் போடாதீர்கள். டீ, வெத்தலை, மஞ்சள் எல்லாம் கறை ஏற்றும். மஞ்சள் வெள்ளாமை செய்கிற ஊர்க்காரன், குழம்பில் மஞ்சளைக் குறைச்சுக்கங்க என்று எந்த வாயால் சொல்வேன்? மெருகு போட்டால் ஓரளவு போய்விடுகிறது. எனக்குக் கீழ்க் கடைவாயில் போட்டு ஆறு வருசம் ஆச்சு, இன்னும் முறுக்கு கடிக்கிறேன்.

காசு விசயத்துக்கு வருவோம். எனக்கு அன்றைக்கு ஒரு பல் அடைக்க ஆயிரம் ரூபாய். அதே இடத்தில் பிடுங்க முந்நூறு. எழுநூறு மிச்சம் என்றுதான் நம்ம மூளை கணக்குப் போடும். ஆனால் ஒரு பல் போன இடத்தில் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் மெல்ல இறங்கி வரும், மெல்லுவது முழுக்க மற்ற பக்கத்துக்குப் போகும், அந்தப் பக்கமும் சீக்கிரம் தேயும். எங்க அத்தைக்கு ஐம்பது வயசுக்குள் கீழ்க் கடைவாய்ப் பல் ரெண்டு பக்கமும் காலி. கிடா வெட்டு விருந்துக்குப் போனால் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, கறியைப் பேரனுக்கு எடுத்து வைக்கிறார். அதைப் பாசம் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அடைக்கிறதுக்கும் காலம் இருக்கிறது. தண்ணி குடித்தால் சுருக்கென்று கூசி உடனே நின்றால், பெரும்பாலும் அடைப்போடு முடிந்துவிடும். ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி, சுடுதண்ணி பட்டு விடாமல் குத்துகிற வலி வந்துவிட்டால் சொத்தை உள்ளே நரம்பைத் தொட்டிருக்கும். அப்புறம் வேர் சிகிச்சை, மேலே தொப்பி, செலவும் பல ஆயிரம். நம்ம ஆளுங்க வலி வந்த பிறகுதான் பஸ் ஏறுகிறார்கள், அங்கே தொகையைக் கேட்டதும் பிடுங்கச் சொல்கிறார்கள். அவர்களிடம் அன்றைக்கு அந்தத் தொகை இல்லை, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

கலர் பெரிசில்லை என்ற மாதிரி மேலே எழுதினேன். எல்லோருக்கும் அப்படி இல்லைங்க. எங்க பங்காளி வீட்டுப் பொண்ணு காலேஜ் கடைசி வருசம் படிக்கிறாள். மேல் முன்பல் ரெண்டுக்கும் நடுவில் கறுப்பாகச் சொத்தை. சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். வேலைக்கு இன்டர்வியூ போன இடத்திலும் அப்படித்தான் பேசிவிட்டு வந்திருக்கிறாள். அவளோட அம்மா, "கல்யாணம் கூடி வரும்போது பாத்துக்கலாங்க" என்கிறார். அந்தப் பிள்ளைக்கு ஒரு மணி நேர வேலை, ஒரு சிப்பம் உர விலையை ஒட்டிய காசு. மாப்பிள்ளை வீட்டார் வரும்வரைக்கும் அவள் எதற்கு வாயைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டும்?

பிள்ளைகள் விசயம் இன்னும் மோசம். ஆறு வயசு வாக்கில், பால் பல் வரிசைக்குப் பின்னாடி ஒரு கடைவாய்ப் பல் புதிதாக முளைக்கும். எதுவும் விழாமல் முளைப்பதால் அதையும் பால் பல் என்றே நினைத்து, "விழுந்து முளைக்கிற பல்லுதானே" என்று விட்டுவிடுகிறோம். அது நிரந்தரப் பல். போனால் போனதுதான்.

இதுக்குக் காம்போசிட்டே வேணும் என்பதில்லை. கிளாஸ் அயனோமர் என்று ஒரு சிமென்ட் இருக்கிறது. 1972இல் இங்கிலாந்தின் வில்சன், கென்ட் என்ற ரெண்டு வேதியியல்காரர்கள் வெளியிட்டது. ஏறக்குறைய பல் நிறம்தான், கொஞ்சம் மங்கல். தானாகப் பல்லில் ஒட்டும், நீல வெளிச்சம் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக ஃபுளோரைடும் கசியவிடும். காம்போசிட் அளவுக்குத் தேய்மானம் தாங்காது. 1980களின் நடுவில் தான்சானியாவில், கரண்ட் இல்லாத ஊர்களில், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டிவிட்டு இப்படி அடைக்கிற முறையைத் தொடங்கினார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இந்தச் சிமென்ட் ஏறிவிட்டது. கரண்டும் மிஷினும் இல்லாமல் தான்சானியாவில் முடிந்த வேலை எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முடியாதா?

பள்ளிக்கூடத்துக்கு மருத்துவக் குழு வருகிறது, வாயைத் திறந்து பார்க்கிறது, சொத்தை இருந்தால் சீட்டு எழுதித் தருகிறது. வருகிறவர்கள் பாவம், அவர்கள் வேலை அதுதான். அந்தச் சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே கிழிந்துபோகிறது. பெற்றவள் அதை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. சீட்டுக்குப் பதிலாக, பார்க்கிற அன்றைக்கே பெஞ்சில் படுக்கவைத்து அடைத்துவிட ஒரு பல் டாக்டரும் கைக்கருவிகளும் அந்தச் சிமென்ட்டும் வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். தெருவிளக்குக்கும் தண்ணித் தொட்டிக்கும் நடுவில் இதைப் பேச நேரம் வாங்கணும்னா தலைக்கட்டு நிறைய வேணும். எங்க ஊர்க்காரங்க யாராவது இதைப் படிச்சா, அன்னிக்கு மஞ்சக் காட்டுக்குத் தண்ணி திருப்பிவிட்டுட்டு அப்படியே வந்து ஒரு கையெழுத்துப் போடுங்க.