சொன்னவருக்கு இல்லாத தண்டனை கேட்டவருக்கு ஏன்?

பருத்தித்துறையில் தாய் காலமான செய்தி வந்ததும் எனக்குத் தெரிந்த பெண் ஒருவர் லண்டனிலிருந்து அவசரமாகப் புறப்பட்டார். கடை வேலை போனபின் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவிப்பணத்தில் இருந்தவர். எல்லாம் ஒழுங்காக நடக்கவேண்டும் என்று விமானச் சீட்டு எடுக்கும் முன்பே உதவித் தொலைபேசிக்கு அழைத்து விஷயத்தைச் சொன்னார். “ஒரு மாதம் வரை போய்வரலாம், காசு நிற்காது” என்று பதில் வந்தது. அதை நம்பிப் போனார். எட்டுச் செலவுச் சடங்கு முடிவதற்குள் அவருடைய இணையக் கணக்கில் இன்னொரு அலுவலரின் செய்தி விழுந்திருக்கிறது: செவ்வாய்க்கிழமை காலை, வேலை தேடுவதை மேற்பார்க்கும் அலுவலரான வேர்க் கோச்சை நேரில் வந்து சந்திக்கவேண்டும். செத்தவீட்டில் இருந்தவர் அதைப் பார்க்கவில்லை. சொன்ன ஒரு மாதத்துக்குள் வந்துவிடவேண்டும் என்ற பயத்தில் மாதம் கழித்து வரும் அந்தியேட்டிக் கிரியைக்குக்கூட நிற்காமல் திரும்பினார். வந்து பார்த்தால் காசு வெட்டப்பட்டிருந்தது.

கிழக்கு லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் தமிழ் படிப்பிக்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு பெற்றோர் சிலர் கைத்தொலைபேசியை நீட்டி, “ரீச்சர், இதை ஒருக்கால் பாருங்கோ” என்பார்கள். அப்படித்தான் இந்தப் பெண்ணின் அறிவித்தலும் என் கைக்கு வந்தது. அவரிடம் பேசிய இரண்டு அலுவலர்களில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. வெளிநாட்டில் ஒரு மாதம் வரை இருந்தாலும் யுனிவர்சல் கிரெடிட் உரிமை போகாது என்பது விதி. ஆனால் வேலை தேடுவேன், கூப்பிட்டால் வருவேன் என்று கையெழுத்திட்ட ஒப்புதல் அந்த மாதத்திலும் உயிரோடுதான் இருக்கும். வேர்க் கோச் அதைத் தனியாகத் தளர்த்தித் தரவேண்டும். தொலைபேசியில் பேசியவர் முதல் விதியைச் சொன்னார். கணக்கில் செய்தி போட்டவர் இரண்டாவதன்படி நடந்தார். இரண்டையும் சேர்த்து அந்தப் பெண்ணுக்கு ஒருவரும் சொல்லவில்லை. நெருங்கிய உறவினரின் மரணம் என்றால், ஒரு மாதத்தில் திரும்புவது நியாயமில்லாத நிலையில், இரண்டு மாதம் வரை நீட்ட அதே விதியில் இடம் உண்டு. அதையும் அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை. தாயின் அந்தியேட்டியை அவர் தவறவிட்டது அதனால்தான்.

உதவிப்பணத்தை நிபந்தனையோடு கொடுப்பது தவறு என்று நான் எழுதவரவில்லை. 1996இல் ஜேஎஸ்ஏ என்ற கொடுப்பனவு வந்தபோதே வேலை தேடினால்தான் காசு என்பது இந்த நாட்டில் சட்டம். எங்கள் ஆட்கள் அதற்குப் பின்நிற்பவர்கள் அல்ல. பெற்றோல் ஷெட்டில் இரவு முழுக்க நின்று, விடிந்ததும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, அதன் பிறகு படுக்கப் போகிறவர்கள் எங்கள் சனம். என் வழக்கு வேறு. கீழ்ப்படியாவிட்டால் சாப்பாட்டுக் காசை வெட்டுவேன் என்று ஓர் அரசு சொல்வதானால், எதற்குக் கீழ்ப்படியவேண்டும் என்பதை ஒரே குரலில், எழுத்தில், விளங்கும்படி சொல்லும் கடமை அதற்கு உண்டு. அதன் அலுவலர் இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் அந்த நட்டம் அரசைத்தான் சேரவேண்டும்.

வெட்டு எவ்வளவு வலிக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. 2025–26இல் 25 வயதோ அதற்கு மேலோ உள்ள தனியாளுக்கு யுனிவர்சல் கிரெடிட்டின் அடிப்படைத் தொகை மாதம் 400.14 பவுண். சாங்ஷன் என்ற வெட்டு விழுந்தால் நாளுக்கு ஏறக்குறைய 13 பவுண் போகும். அந்தத் தொகையில் மிச்சம் ஒன்றும் இராது. சந்திப்புக்கு வராததற்கு முதல் தடவை விழும் வெட்டு, திரும்பத் தொடர்புகொண்டு சொன்னதைச் செய்யும்வரை நீளும், அதற்கு மேல் இன்னும் 7 நாள். பட்டினி கிடக்காமல் இருக்க இடர்க்காலக் கொடுப்பனவு கேட்கலாம். ஆனால் யுனிவர்சல் கிரெடிட்டில் அது கடன், பிறகு கழித்துவிடுவார்கள். வேலையை மறுத்தவர்களுக்கு அதிகபட்ச வெட்டு ஒரு காலத்தில் மூன்று வருடமாக இருந்தது. 2019இல்தான் அதை ஆறு மாதமாகக் குறைத்தார்கள்.

கட்டாயம் எது, விருப்பம் எது என்பதிலேயே அரசு தடுமாறியதற்கு நீதிமன்றச் சாட்சி இருக்கிறது. 2011 நவம்பரில் பேர்மிங்ஹாமில் கேட் ரெய்லி என்ற இளம் பெண், புவிச்சரிதவியல் பட்டதாரி, ஜேஎஸ்ஏ எடுத்துக்கொண்டு ஓர் அருங்காட்சியகத்தில் தொண்டராக வேலை செய்துவந்தார். அவர் போக விரும்பிய துறையே அதுதான். அவரை வேலைவாய்ப்பு அலுவலகமான ஜொப் சென்டர் ஒரு பயிற்சித் திட்டத்துக்கு அனுப்பியது. பவுண்ட்லேண்ட் கடையில் இரண்டு வாரம் சம்பளமில்லாமல் தட்டுகளில் சாமான் அடுக்கிக் கூட்டித் துடைக்கவேண்டும், போகாவிட்டால் காசு நிற்கும் என்றார்கள். அருங்காட்சியகத்தை விட்டுவிட்டுப் போனார். உண்மையில் அந்தத் திட்டம் கட்டாயமே இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது.

அதே வழக்கில் சேர்ந்துகொண்டவர் நொட்டிங்ஹாமைச் சேர்ந்த ஜேமிசன் வில்சன், லொறிச் சாரதி. வாரம் 30 மணித்தியாலம், 26 வாரம், சம்பளமில்லாத வேலைக்கு அவரை அனுப்பப் பார்த்தார்கள். அந்தத் திட்டம் தனக்கு எப்படி உதவும் என்பதற்கு ஒழுங்கான விளக்கம் இல்லாமல் போகமாட்டேன் என்றார். ஆறு மாதக் காசு போனது. 2013 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் திட்டங்களின் விதிமுறைகளே செல்லாது என்று தீர்த்தது. அதே வருடம் ஒக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஒருவரைத் திட்டத்துக்கு அனுப்புவதா என்று அலுவலர் முடிவெடுக்கும் முன்பே, தன் பக்கத்தை விளங்கிச் சொல்லப் போதிய தகவல் அந்த ஆளுக்குக் கிடைக்கவேண்டும் என்பது அத்தீர்ப்பின் உள்ளடக்கம். என்னைப் பொறுத்தவரை இந்த நாட்டின் வேலையற்றோருக்குக் கிடைத்த மிக முக்கியமான வசனம் அதுதான்.

மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றதும் அரசு என்ன செய்தது? அநியாயமாக வெட்டிய காசைத் திருப்பிக் கொடுத்தால் ஏறக்குறைய 130 மில்லியன் பவுண் போய்விடும் என்று கணக்குப் பார்த்தது. 2013 மார்ச்சில் அவசர அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்து, செல்லாத விதிகள் முன்பிருந்தே செல்லும் என்று ஆக்கியது. வழக்கு நடந்துகொண்டிருந்தவர்களைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் நியாயமான விசாரணைக்கான மனித உரிமைக்கு முரணானது என்று 2014இல் உயர் நீதிமன்றமும், 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லின. சந்திப்புக்குப் பத்து நிமிடம் பிந்தினால் பொறுக்காத ஒரு முறைமை, தன் பிழைக்கு மட்டும் பின்தேதியிட்டு மன்னிப்புப் போட்டுக்கொண்டது. இதை நான் மறப்பதாக இல்லை.

முரண் எங்கே பிறக்கிறது என்பதும் அரசுக்குத் தெரியும். கட்டாயத் திட்டங்களில் விழும் வெட்டுகளைப் பற்றி மத்தியூ ஓக்லி என்பவர் ஆராய்ந்து 2014இல் அறிக்கை கொடுத்தார். கடிதங்கள் விளங்கவில்லை என்றார். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. 2011இல் தொடங்கிய வேர்க் புரோகிராம் போன்ற திட்டங்களை நடத்தியவை பெரும்பாலும் ஒப்பந்தக் கம்பனிகள். ஆள் வராததற்குக் காரணம் நியாயமானதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தக் கம்பனிகளுக்கு இருக்கவில்லை. ஆகவே ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு ஒருவர் வந்து நின்றாலும், அவர் குறித்த நாளில் வரவில்லை என்று மேலே அறிவித்தே ஆகவேண்டியிருந்தது. எதிரே இருப்பவர், “பரவாயில்லை, விளங்குது” என்பார். அவர் அனுப்பும் படிவம் வெட்டுக்கு வழி திறக்கும். 2016இல் தேசிய கணக்காய்வு அலுவலகம் பார்த்தபோது, ஒரே பகுதியில் ஒரே மாதிரியான ஆட்களோடு வேலை செய்யும் கம்பனிகளில் சில மற்றவற்றைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆட்களை வெட்டுக்கு அனுப்பியிருந்தன. அதாவது உங்கள் சாப்பாட்டுக் காசு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதில் மட்டும் தங்கியிருக்கவில்லை. எந்தக் கம்பனியின் வாசலுக்கு அனுப்பப்பட்டீர்கள் என்பதிலும் தங்கியிருந்தது.

2015இல் நடந்ததையும் சொல்லவேண்டும். வெட்டு விழுந்ததால்தான் நான் திருந்தி என் தகைமைக் குறிப்பை நன்றாக எழுதினேன் என்று ஒரு பெண் சொல்வதாக, படத்தோடு, உதவிப்பணத்தை நடத்தும் அரசுத் திணைக்களமே துண்டுப்பிரசுரம் ஒன்று வெளியிட்டது. அப்படி ஒரு பெண்ணே இல்லை என்பதும், கதைகள் கற்பனை என்பதும் பிறகு வெளிவந்தன. திணைக்களம் அதை ஒப்புக்கொண்டு பிரசுரத்தை விலக்கியது. யோர்க் பல்கலைக்கழகம் தலைமையில் ஐந்து வருடம் நடந்து 2018இல் முடிந்த ஆய்வோ, வெட்டுகள் ஆட்களை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை, பலரை வறுமைக்குள்ளும் மனநோய்க்குள்ளும் தள்ளின என்றது.

எங்கள் ஆட்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். அலுவலகம் ஒன்றைச் சொல்லும், கோயில் வாசலில் நிற்பவர் இன்னொன்றைச் சொல்வார். “16 மணித்தியாலம்தான் செய்யலாம், அதுக்கு மேல செய்தா எல்லாம் போயிடும்” என்ற வாக்கைப் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் இன்றைக்கும் கேட்கிறேன். ஜேஎஸ்ஏ காலத்தில் அது ஏறக்குறைய சரி. வாரம் 16 மணித்தியாலம் வேலை செய்தால் அந்தக் கொடுப்பனவு கிடையாது. வரிச் சலுகைக் கொடுப்பனவுக்கோ, பிள்ளையோடு தனித்திருக்கும் பெற்றோர் குறைந்தது 16 மணித்தியாலம் செய்திருக்கவேண்டும். ஒரே எண், இரண்டு எதிரெதிர்ப் பொருள். யுனிவர்சல் கிரெடிட்டில் அந்த எண்ணுக்கு வேலையே இல்லை. சிலருக்கு முதலில் ஒரு தொகையை விட்டுவிட்டு, உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் கழிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் வேறொரு கோடு இருக்கிறது, அதை ஒருவரும் கதைப்பதில்லை. வருமானம் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் ஜொப் சென்டர் உங்களை அடிக்கடி கூப்பிட்டு இன்னும் வேலை தேடச் சொல்லும். 2022இல் அந்தக் கோட்டை வாரம் 12 மணித்தியாலச் சம்பளத்துக்கு உயர்த்தினார்கள். 2023இல் 15 ஆயிற்று. 2024 மே முதல் 18. பழைய வாக்கை நம்பி, குறைந்தபட்சச் சம்பளத்தில் 16 மணித்தியாலத்தோடு பத்திரமாக நிற்கிறோம் என்று நினைத்தவர்கள் அன்றிலிருந்து கோட்டுக்குக் கீழே விழுந்தார்கள்.

ஒரு தகப்பனின் நிலையைப் பார்த்தேன். அவருக்கு வேர்க் கோச், ஆங்கில வகுப்புக்குப் போவதையே வேலை தேடுவதாக எடுத்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தார். பிறகு அவரை ஒப்பந்தக் கம்பனி ஒன்றுக்கு அனுப்பினார்கள். கம்பனி அதே வியாழக்கிழமை, அதே நேரத்தில் தங்கள் பயிற்சிக்கு வரவேண்டும் என்றது. இரண்டு இடத்திலும் இரண்டு பேருமே அன்பானவர்கள் என்று அவர் சொன்னார். எந்த வாசலுக்குப் போனாலும் மற்ற வாசலில் அவர் வராதவர். வகுப்புக்குப் போனார், ஏனென்றால் அந்த வாக்கு முதலில் வந்தது. ஐம்பது வயதில், இருபது வருடம் ஒரு நாள்கூட உதவிப்பணம் கேட்காமல் உழைத்த மனிதர், என் முன்னால் இருந்து தொலைபேசித் திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தார். அந்த வாக்கு எங்கேயாவது எழுத்தில் இருக்கிறதா என்று தேடினார். இருக்கவில்லை, அது வாயால் சொன்னது.

ஆகவே நான் கேட்பது மிகவும் சின்ன விஷயம். காசை வெட்டக் காரணமாகக்கூடிய எந்த அறிவுறுத்தலும் எழுத்தில் வரவேண்டும். அது கட்டாயமா விருப்பமா என்று முதல் வரியில் இருக்கவேண்டும். அலுவலர் சொன்னதன்படி நடந்தேன் என்று ஒருவர் சொல்லும்போது, அலுவலர் அப்படிச் சொல்லவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு திணைக்களத்தினுடையதாக இருக்கவேண்டும். பதிவு வைத்திருக்கும் வசதி அவர்களிடம்தான் இருக்கிறது. கம்பனியும் ஜொப் சென்டரும் ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்குக் கூப்பிட்டால் எந்த வெட்டும் விழக்கூடாது. இதற்குப் பெரிய செலவு இல்லை. இல்லாதது, ஏழையின் நேரத்துக்கும் வாக்குக்கும் மதிப்புக் கொடுக்கும் மனம். தமிழ் வாக்குகள் நிறைய உள்ள தொகுதிகளில் பொங்கல் விழாவுக்கு வரும் எம்பிக்களிடம் நாங்கள் இதைக் கேட்கலாம், கேட்கவேண்டும்.

அந்த மாற்றம் வரும்வரை இதை வாசிக்கிறவர்கள் சிலவற்றைச் செய்யுங்கள். அலுவலர் தொலைபேசியில் சொன்னதை அன்றைக்கே உங்கள் இணையக் கணக்கின் ஜேர்னலில், “இன்று நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், சரிதானா?” என்று எழுதிவிடுங்கள். ஆங்கிலம் பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. ஊருக்குப் போவதானால் போகும் திகதி, வரும் திகதி, காரணம் மூன்றையும் எழுதி, சந்திப்புகளைத் தளர்த்தும்படி தனியாகக் கேளுங்கள். ஒரு திட்டத்துக்கு அனுப்பினால் கட்டாயமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். மொழிபெயர்ப்பாளரை அவர்களே ஒழுங்கு செய்யவேண்டும், அதற்கு உங்களிடம் காசு கேட்கமாட்டார்கள். பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மறித்து அழைத்துப்போகத் தேவையில்லை.

வெட்டு விழுந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். முடிவு எடுத்த திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதிலும் இல்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். திணைக்களத்துக்குச் சொந்தமில்லாத நீதிபதி ஒருவர் கேட்பார். சிற்றிசன்ஸ் அட்வைஸ் நிலையங்களில் மனு எழுத உதவி கிடைக்கும். தீர்ப்பாயத்துக்குக் கட்டணம் இல்லை.