குழாய்த் தண்ணீரும் கம்பி மந்திரமும்

தண்ணீரைச் சுத்தஞ் செய்யும் இயந்திரம் விற்கிறவர்களில் சிலர் வீடு தேடி வந்து ஒரு வித்தை காட்டுவதுண்டு. ஒரு டம்ளரில் குழாய்த் தண்ணீர். மற்றொன்றில் அவர்களது இயந்திரத் தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பேறிச் சேறாகும். மற்றது தெளிவாய் நிற்கும். "இந்த விஷத்தையா பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்றதும் தாய்மார்கள் நடுங்கிக் கடன் வாங்கியாவது இயந்திரத்தை வாங்கிவிடுகிறார்கள்.

தோழர்களே! வெறுங்கையில் திருநீறு வரவழைக்கும் சாமியாரின் பித்தலாட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்ததல்ல. கம்பியின் இரும்பே மின்சாரத்தால் கரைந்து துருவாகிறது. உப்புள்ள தண்ணீரில் மின்சாரம் நன்றாய் ஓடும்; உப்பு நீக்கிய தண்ணீரில் ஓடாது. இவ்வளவுதான் மந்திரம்! சந்தேகமிருந்தால் அவருடைய தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடியும் கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் கலங்கும்.

இன்னொன்று, எண் காட்டும் டி.டி.எஸ். மீட்டர். அது காட்டுவது கரைந்துள்ள உப்புகளின் மொத்தத்தை. இந்தியத் தர நிர்ணயப்படி அதற்கு விரும்பத்தக்க எல்லை லிட்டருக்கு 500 மில்லிகிராம். ஈயத்துக்கோ எல்லை 0.01 மில்லிகிராம், அதாவது 50,000இல் ஒரு பங்கு. மூட்டை நிறுக்கும் தராசில் கடுகை நிறுக்க முடியுமா?

அப்படியானால் குழாய்த் தண்ணீரெல்லாம் சுத்தமென்கிறோமா? இல்லவே இல்லை. 2019 நவம்பரில் மத்திய சர்க்கார் வெளியிட்ட சோதனையில் சென்னையில் எடுத்த 10 மாதிரிகளும் தேறவில்லை. சந்தேகப்படுவது சரியே, கம்பிக்காரனை நம்புவதுதான் தப்பு. ஈயத்துக்கு நிறமில்லை, வாடையில்லை. காய்ச்சினால் கிருமி சாகும், ஈயம் போகாது. அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆய்வுக்கூடத்தில் அளந்தாலொழிய அது தெரியாது. இரவெல்லாம் குழாயில் தங்கிய தண்ணீரை, காலையில் திறந்தவுடன் பிடித்து அனுப்பினால்தான் குழாயிலிருந்து கரைந்ததும் அகப்படும்.

அமெரிக்காவில் பிளிண்ட் நகரத்தார் 2014இல் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். அந்தத் தண்ணீர் பழைய குழாய்களை அரித்து ஈயத்தைக் கரைத்தது. அதிகாரிகள் "பயமில்லை" என்றார்கள். ஜனங்கள் வீடுவீடாய் மாதிரி எடுத்துப் பல்கலைக்கழகத்தாரிடம் கொடுத்துச் சோதித்த பிறகே, 2015 அக்டோபரில் பழைய தண்ணீர் திரும்பி வந்தது. அவர்களைக் காப்பாற்றியது பிரார்த்தனையல்ல, பரிசோதனை!

1955இல் இதே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாநாடு சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதாகத் தீர்மானம் போட்டது. பணமுள்ளவன் வீட்டுக்கு இயந்திரம், இல்லாதவன் வீட்டுக்குப் பயம் என்பதா சமதர்மம்? 2019 முதல் ஆவடி மாநகராட்சி. வார்டுதோறும் கடைசி வீட்டுக் குழாயில் மாதிரி எடுத்து, ஈயம், குரோமியம், ஆர்செனிக் எவ்வளவென்று தேதியுடன் தெருப்பலகையில் எழுதி வைக்கட்டும். வரி கொடுக்கிற நாம் கேட்பது பிச்சையல்ல, கணக்கு!