புலம்பெயரும் மணித்தியாலங்கள்

யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும், படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன்.

தூரத்து உழைப்பு எங்கள் சமூகத்துக்குப் புதிதில்லை. ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரச கந்தோர்களிலும் எழுதுவினைஞராக இருந்தவர்கள் மாதாமாதம் அனுப்பிய காசில் குடாநாடு வீடு கட்டியது, கோயில் திருத்தியது, பிள்ளைகளைப் படிப்பித்தது. ‘மணியோடர் பொருளாதாரம்’ என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. யுத்த காலத்தில் அந்த இடத்துக்கு, வங்கிக்கு வெளியே கைமாறும் உண்டியல் காசு வந்தது. இரண்டிலும் கணக்கு ஒன்றுதான்: ஆள் போனார், காசு வந்தது. இணையத்தில் எடுத்துச் செய்யும் பிரீலான்ஸ் வேலை இந்தக் கணக்கை மாற்றியிருக்கிறது. ஆள் கோண்டாவிலில் தன் அறையிலேயே இருக்கிறார், காசும் வருகிறது. கடல் தாண்டிப் போவது அவருடைய நேரம். ஆள் போனால் வீட்டில் வெறுமை தெரியும். நேரம் போவது கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

இந்த வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. அதற்குச் சற்று முன்வரை 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில கிழமைகளில் 350ஐத் தாண்டியது. அந்த நாட்களில் டொலரில் கொஞ்சமாவது வருமானம் இருந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய முட்டுக்கொடுப்பு என்பதை ஊர் கண்டது. நான் சொல்ல வருவது இதுதான்: படிக்கும் பிள்ளையின் வேலைநேரத்துக்குக் கிழமைக்கு இவ்வளவு என்று ஓர் எல்லை வேண்டும். அந்த எல்லையை ஊரில் எந்தச் சட்டமும் போடவில்லை, வேலை பிடித்துக் கொடுக்கும் இணையத்தளங்களும் போடப்போவதில்லை. வீடும் கம்பஸும், வேலை கொடுக்கும் நாங்களும் சேர்ந்துதான் போடவேண்டும்.

முதலில் மணித்தியாலத்தை எண்ணிப் பார்ப்போம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை, செய்முறை, ஒப்படை, தானாக இருந்து படிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். ஒரு கல்வியாண்டுக்கு 30 கிரெடிட். அதாவது 1500 மணித்தியாலம். பதினைந்து கிழமை கொண்ட இரண்டு அரையாண்டுகளுக்குள் அதை அடைத்தால் கிழமைக்கு 50 வரும். படிப்பு விடுமுறையையும் பரீட்சை நாட்களையும் சேர்த்து 40 கிழமைக்குப் பரப்பினாலும் 37க்குக் குறையாது. நடுவில் 45 என்று வைப்போம். ஒரு கிழமையில் இருப்பது 168 மணித்தியாலம். நாளுக்கு ஏழு மணித்தியால நித்திரை, சாப்பாடு குளிப்பு போக்குவரத்துக்கு மூன்று என்று கழித்தால் மிஞ்சுவது 98. படிப்பும் போனால் 53. அதில் 20 மணித்தியாலம் வேலைக்குக் கொடுத்தாலும் வீட்டுக்கும் சிநேகிதருக்கும் காய்ச்சலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் இடம் இருக்கிறது. 40 கொடுத்தால் மிஞ்சுவது 13; ஒரு நாளுக்கு இரண்டு மணித்தியாலமும் இல்லை. அப்போது முதலில் நித்திரை குறையும், பிறகு தனியாக இருந்து படிக்கும் நேரம் குறையும். விரிவுரைக்கு 80 வீத வரவு கேட்பார்கள், ஆகவே அது தப்பிவிடும். புத்தகத்தோடு இருந்த நேரத்துக்கு வரவு எடுப்பவர் யாரும் இல்லை. அந்த இழப்பைப் பரீட்சை மண்டபத்தில்தான் காணலாம்.

எண்ணிக்கை ஒரு பக்கம், அந்த மணித்தியாலங்கள் எப்போது வருகின்றன என்பது மறுபக்கம். கோடைகாலத்தில் ரொறன்ரோவிலும் நியூயோர்க்கிலும் காலை ஒன்பது மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மாலை ஆறரை. இங்கே ஐந்து மணிக்குக் கந்தோர் பூட்டும்போது அங்கே அதிகாலை இரண்டரை, குளிர்காலத்தில் மூன்றரை. இந்த நேரத்தோடு ஒத்து வேலை செய்யும் பிள்ளை காலை எட்டு மணி விரிவுரைக்கு எந்தக் கண்ணோடு போவார்? லண்டன் வாடிக்கையாளரின் காலை ஒன்பது மணி யாழ்ப்பாணத்தின் பிற்பகல் ஒன்றரை அல்லது இரண்டரை; அது விரிவுரையோடு முட்டினாலும் நித்திரையோடு முட்டாது. இணையத்தளங்களின் பொறிமுறையும் கவனிக்கத்தக்கது. மணித்தியாலக் கணக்கில் எடுக்கும் வேலைக்கு அப்வேர்க் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கணினித் திரையைப் படம் பிடித்து வைக்கும். ஃபைவரில் வாடிக்கையாளர் தன் தேவை விபரங்களைக் கொடுத்த கணத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். செய்திக்கு எவ்வளவு விரைவாகப் பதில் எழுதுகிறார் என்பதும் சுயவிபரப் பக்கத்தில் தெரியும். ஆகவே வேலை செய்யாத நேரத்திலும் மனம் கைத்தொலைபேசியில்தான் இருக்கும். கணிதமோ சட்டமோ படிக்கத் தேவையான இடையறாத இரண்டு மணித்தியாலம் இப்படித்தான் துண்டுதுண்டாகப் போகிறது.

நாங்கள் குடியேறிய நாடுகள் வெளிநாட்டு மாணவரின் வேலைநேரத்தை எண்ணுகின்றன. கனடாவில் வெளிநாட்டு மாணவர் வளாகத்துக்கு வெளியே செய்யும் வேலைக்கான எல்லை 2024 நவம்பரிலிருந்து கிழமைக்கு 24 மணித்தியாலம். அவுஸ்திரேலியாவில் 2023 யூலையிலிருந்து இரண்டு கிழமைக்கு 48. பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20. அதோடு சுயதொழில் செய்யவே அனுமதி இல்லை. ஊரில் நடத்திய ஃபைவர் கணக்கை லண்டனுக்குப் படிக்க வந்தபிறகும் நடத்தலாம் என்று நினைப்பவர் விசாவையே பணயம் வைக்கிறார்.

இந்தச் சட்டங்கள் உள்ளூர்த் தொழிலாளரைக் காக்க வந்தவை, படிப்பைக் காக்க வந்தவை இல்லை என்று ஒருவர் மறுக்கலாம். அதில் உண்மை உண்டு. ஆளணி தட்டுப்பட்டபோது கனடா 2022 நவம்பரில் எல்லையை எடுத்துவிட்டது, 2024 ஏப்ரல் முடிவில் திரும்பப் போட்டது. படிப்பின்மேல் இருந்த அக்கறை மட்டும்தான் காரணமென்றால் இடையில் எடுத்திருக்கமாட்டார்கள். ஆனால் திரும்பப் போட்டபோது அரசாங்கம் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: கிழமைக்கு 28 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்பவர்களின் பெறுபேறு கணிசமாக இறங்குவதாக அமெரிக்க, கனடிய ஆய்வுகள் காட்டுகின்றன என்றது. மேலே நான் போட்ட கணக்கும் அந்த இடத்துக்கு அண்மையில்தான் வந்து நிற்கிறது. சட்டத்தின் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், மனித உடம்பின் கணக்கு கடவுச்சீட்டைப் பார்த்து மாறாது. நாட்டில் எங்கள் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் எல்லை இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டுச் சேவை வருமானத்துக்கும் வரி உண்டு, ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு என்று டொலருக்குக் கணக்கு வந்துவிட்டது. மணித்தியாலத்துக்கு இன்னும் வரவில்லை.

“வயிற்றுப்பாட்டுக்கு எல்லை போடமுடியுமா?” என்பது அடுத்த கேள்வி, எல்லாவற்றிலும் கனதியான கேள்வியும் இதுதான். பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல புலமைப்பரிசிலை 2025 வரவுசெலவுத் திட்டம் மாதத்துக்கு 7,500 ரூபாயாக உயர்த்தியது. அறை வாடகையும் சாப்பாடும் அதற்குள் அடங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் காசு வேண்டும் என்பதால் கூடிய நேரம் வேண்டும் என்று ஆகிவிடாது. ஐந்து டொலர் வேலை ஒன்றில் ஃபைவர் நூற்றுக்கு 20 எடுக்கும். கைக்கு வருவது நான்கு டொலர், 300 ரூபாய்ப்படி 1,200 ரூபாய். வாடிக்கையாளரோடு பேசி, செய்து, இரண்டு தரம் திருத்திக் கொடுக்க மூன்று மணித்தியாலம் போனால் மணித்தியாலத்துக்கு 400 ரூபாய். இந்த விலையில் 40 மணித்தியாலம் விற்பதைவிட, அதன் இரண்டு மடங்கு விலை பெறும் திறமையோடு 20 மணித்தியாலம் விற்கலாம், வருமானம் ஒன்றே. அந்தத் திறமைக்கு நேரம் வேண்டும். அதைத்தான் முதல் வழி தின்றுவிடுகிறது. பாடங்கள் தவறி ஓர் ஆண்டு பிந்திப்போனால் இழப்பு பரீட்சைக் கட்டணத்தோடு நிற்காது. முதல் உத்தியோகத்தின் 12 மாதச் சம்பளமும் அதோடு போகிறது. இப்படிப் பார்த்தால் வறிய வீட்டுக்குத்தான் இந்த எல்லை கூடத் தேவை. தவறினால் தாங்குவதற்கு அங்கே வேறு எதுவும் இல்லை.

“பட்டம் சோறு போடாது, அனுபவம்தான் போடும்” என்ற பேச்சும் உண்டு. வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் வீதியில் இருந்த பட்டதாரிகளைக் கண்ட ஊரில் இதை லேசாகத் தட்டிவிடமுடியாது. ஆனால் எந்த அனுபவம்? படத்தின் பின்னணி வெட்டுவது, ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது, எளிய மொழிபெயர்ப்பு, தரவு பதிவது: மாணவர் நுழையும் வாசல்கள் பெரும்பாலும் இவைதான். செயற்கை நுண்ணறிவு முதலில் கைவைத்த வேலைகளும் பெரும்பாலும் இவைதான். பொறியியல் மாணவர் கட்டட வரைபுகளும், கணக்கியல் மாணவர் சிறு கடைகளின் கணக்கும், மொழி படிப்பவர் ஆழ்ந்த அறிவு கேட்கும் மொழிபெயர்ப்பும் செய்தால் வேலையும் படிப்பும் ஒன்றையொன்று வளர்க்கும். பாடத்தோடு ஒட்டாத வேலை காசு தரலாம். அனுபவம் என்ற பெயருக்கு அது தகுதியில்லை.

“கம்பஸே ஒழுங்காக நடப்பதில்லை, பிறகென்ன நேர அட்டவணை?” என்பவர்களும் இருப்பார்கள். 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நாட்டின் அரச பல்கலைக்கழகங்களை முடக்கியது உண்மை. அப்படியான காலத்தில் வேலையைக் கூட்டுவதில் பிழையில்லை; கனடாவும் அவுஸ்திரேலியாவும்கூட விடுமுறையில் எல்லையைத் தளர்த்துகின்றன. சிக்கல் எங்கே என்றால், மூடிய வளாகம் திறக்கும்போது பாடங்கள் நெருக்கியடித்து வரும், ஒப்பந்தங்கள் தாமாக விலகிப் போகமாட்டா. ஆகவே நீண்ட ஒப்பந்தத்துக்குக் கைநீட்டாமல், சில நாட்களில் முடியும் வேலைகளை முடித்துக்கொடுக்கும் கணக்கில் எடுப்பதே பத்திரம். தவணையில் கிழமைக்கு 20க்கு மேல் இல்லை, பரீட்சைக்கு மூன்று கிழமை முன்பிருந்து ஒன்றுமே இல்லை, விடுமுறையில் விரும்பியபடி என்பது என் கணக்கு. பெற்றவர்களுக்கும் ஒரு சொல்: பிள்ளையின் பிரீலான்ஸ் காசில் மாதாந்த லீசிங் கட்டணத்தைக் கட்டாதீர்கள். பரீட்சை மாதத்திலும் தவணைப்பணம் வரும். அப்போது வேலையை நிறுத்தும் உரிமை பிள்ளையின் கையில் இருக்காது. பல்கலைக்கழகம் செய்யக்கூடியதும் பெரிதில்லை. பரீட்சைத் திகதிகளை நேரத்தோடு அறிவித்து, அறிவித்தபடி நடத்தினாலே பாதிப் பாரம் குறையும்.

மீதிப் பாரம் எங்களுடையது. ஸ்காபரோவில் கடை வைத்திருப்பவரின் இணையத்தளம், சாமத்தியவீட்டு வீடியோ, கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரம் எல்லாம் இன்று ஊர்ப் பிள்ளைகளின் கைக்குப் போகின்றன. ஊருக்கு உதவுகிறோம் என்று பெருமைப்படுகிறோம். ஆனால் அந்நிய வாடிக்கையாளர் இணையத்தளத்தில் விலை பேசிக் காசு கொடுக்கிறார்; நாங்கள் ‘எங்கட பிள்ளைதானே’ என்று சொல்லி விலையைக் குறைக்கிறோம், வெள்ளி பின்னேரம் அனுப்பி ஞாயிறு காலை கேட்கிறோம். அந்நியருக்கு மாட்டேன் என்று எழுதலாம், மாமாவுக்கு எழுதமுடியாது. உறவைக் காட்டி வாங்கும் நேரத்துக்கு எந்தத் தளத்திலும் முறைப்பாடு செய்ய வழியில்லை. ஆகவே புலம்பெயர்ந்தவர்களிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, ரொறன்ரோவில் ஒருவருக்குக் கொடுக்கும் மரியாதையோடு விலையைப் பேசுங்கள். மற்றது, வேலையைச் சொல்லமுன் ‘சோதினை எப்ப?’ என்று கேளுங்கள். அடுத்த மாதம் என்று பதில் வந்தால், உங்கள் துண்டுப்பிரசுரம் அதற்குப் பிறகு வரட்டும்.

அன்புடன்,
கடல் கடந்த ஊரவர் ஒருவர்