நினைவகக் கணக்கு

ஒரே இணைய உலாவியை விண்டோஸிலும் லினக்ஸிலும் இயக்கிப் பார்த்த மாணவர் சிலர், ‘றாம்’ என்னும் நினைவகத்தை வீணாக்குவது எது என்று வழக்காடுகின்றனர். தீர்ப்புக்கு முன் அளவுகோல் ஒன்றுதானா என நோக்குதல் வேண்டும்.

விண்டோஸின் டாஸ்க் மனேஜர், செய்நிரலுக்கே தனியுரிமையான நினைவகத்தை முதலிற் காட்டும். லினக்ஸின் ‘டொப்’ கட்டளையோ, பல செய்நிரல்கள் பொதுவாகக் கொள்ளும் பகுதிகளையும் ஒவ்வொன்றின் பெயரிலும் எழுதும். உலாவி பல கூறுகளாய் இயங்குவது. கூட்டிப் பார்த்தால் ஒரே பகுதி பன்முறை எண்ணப்படும். பங்குக் கிணற்றைப் பங்காளர் ஒவ்வொருவரும் தத்தம் உறுதியில் முழுக்கிணறாய் எழுதிக்கொண்டாற் போலும் இது!

வெறுமையாய்க் கிடக்கும் நினைவகத்தில், லினக்ஸ் வட்டிலிருந்து படித்த கோப்புகளைச் சேர்த்துவைக்கும். செய்நிரல் கேட்டதும் விட்டுக்கொடுக்கும். மீதி சுருங்கக் கண்டு மருண்டோர் பலர். ஆதலின் உண்மையிற் கிடைக்கத்தக்க அளவைத் தனியே கூறும் வழி 2014இல் அதன் கருவிற் சேர்க்கப்பட்டது. 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டாவும், அடிக்கடி வேண்டப்படும் செய்நிரல்களை முன்னரே ஏற்றிவைத்தது. மக் கணனிகள் 2013 முதலும், விண்டோஸ் 10 2015 முதலும், அப்போதைக்கு வேண்டாதவற்றைச் சுருக்கிவைக்கின்றன.

ஆகவே, நினைவகம் நிறைந்துவிட்டது என்று பிள்ளை சொன்னவுடன் பெற்றோர் கடைக்கு விரையற்க. ஒரு செய்நிரலிலிருந்து மற்றொன்றுக்கு மாறுந்தோறும் கணனி தயங்கி, நினைவகத்திலுள்ளவற்றை வட்டுக்கு இடையறாது மாற்றிக்கொண்டிருப்பின், கூடுதல் நினைவகம் வாங்குதல் தகும். மக் கணனியில் நினைவக அழுத்தம் பச்சை நிறத்தில் நிற்குமட்டும் அச்செலவு வேண்டியதில்லை.