முதலில் குளிர்ச்சி, பிறகு பயணம்



யூதித்து நூலின் 8ஆம் அதிகாரத்தில் ஒரு மரணச் செய்தி இரண்டே வசனங்களில் அடங்கியிருக்கிறது. வாற்கோதுமை அறுவடைக் காலம். யூதித்தின் கணவர் மனாசே வயலில் நின்று, கதிர்க்கட்டுகளைக் கட்டுவோரை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். கடும் வெயில் அவர் தலையைத் தாக்கிற்று. படுக்கையில் விழுந்தார், இறந்தார்.

அரசர்கள் இரண்டாம் நூல் 4ஆம் அதிகாரத்தில், சூனேம் ஊர்ச் சிறுவனொருவன் அறுவடை வயலில் தந்தையிடம் தலைவலி தாளாமல் கதறுகிறான். அதுவும் வெயிலின் கொடுமையே எனக் கருதுவோர் உண்டு. பணியாள் அவனைத் தாயிடம் தூக்கிச் செல்கிறான். நண்பகல்வரை அவள் மடியிலிருந்து உயிர் விடுகிறான். பின்னர் எலிசா இறைவாக்கினரின் மன்றாட்டால் அவன் உயிர் பெற்றான்.

ஒருவருக்குப் படுக்கை, மற்றவனுக்குத் தாய்மடி. அன்புள்ளோர் அன்று அறிந்த வழி அவ்வளவே. இன்று நாம் அறிந்தது அதனினும் அதிகம்.

நம் உடலின் உட்சூடு ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ். அது 40 பாகையைத் தாண்டி, அத்துடன் மூளையும் தடுமாறத் தொடங்கினால் அதுவே வெப்பத்தாக்கு. பேச்சுக் குழறல், பிதற்றல், தள்ளாட்டம், வலிப்பு, நினைவிழப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். வியர்வை நின்று தோல் வறண்டிருக்கலாம்; கடுமையாக உழைத்தவர்க்கு வியர்வை வழிந்துகொண்டும் இருக்கலாம். எனவே வியர்வையை நம்பி ஏமாறாதீர்கள். அறிவின் தடுமாற்றத்தையே கவனியுங்கள்.

மூளை, உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆயினும் உடல் பயன்படுத்தும் உயிர்வளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்கே செல்கிறது. இத்தகைய உறுப்பு வெப்பத்தை நெடுநேரம் பொறாது. அதிலும் நடையையும் உடற்சமநிலையையும் ஆளும் சிறுமூளையின் உயிரணுக்கள் விரைவில் மடிகின்றன. ஆகவேதான் உயிர் பிழைத்தோருள் சிலர் பின்னர் தள்ளாடி நடக்கின்றனர், நாக்குழறிப் பேசுகின்றனர்.

அப்படியானால் தலையில் மட்டும் நீர் ஊற்றினால் போதாதா? போதாது. மூளைக்கு வெப்பத்தைச் சுமந்து செல்வது இரத்தம். உடல் முழுவதும் குளிர்ந்தால்தான் இரத்தம் குளிரும். இரத்தம் குளிர்ந்தால்தான் மூளை குளிரும்.

இதற்கு அமெரிக்காவின் ஃபால்மவுத் ஊர் தரும் சான்று வியப்புக்குரியது. அங்கே ஆகஸ்டு வெயிலில் ஆண்டுதோறும் ஏழு மைல் ஓட்டப்பந்தயம் நடைபெறும். வெப்பத்தாக்குற்று விழுவோரை, பந்தயத் திடலிலேயே பனிக்கட்டி நீர்த் தொட்டியில் அமிழ்த்துவர். 18 பந்தயங்களில் இவ்வாறு வீழ்ந்தவர் 274 பேர். ஒருவர்கூட இறக்கவில்லை என 2015இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. அரை மணி நேரத்துக்குள் சூட்டைத் தணிப்பதே அங்குள்ள மந்திரம். முதலில் குளிர்விப்பர், அதன்பிறகே மருத்துவமனைக்கு அனுப்புவர்.

நம் ஊரில் பனிக்கட்டித் தொட்டி எங்கே என்பீர்கள். பம்புசெட்டுத் தண்ணீர் போதும். குடத்து நீரும் போதும். ஒருவர் 108ஐ அழைக்கட்டும். மற்றவர்கள் அவரை நிழலில் கிடத்தி, இறுக்கமான உடைகளைத் தளர்த்தி, உடலெங்கும் நீரை ஊற்றி, விடாமல் விசிறுங்கள். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றி, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். வண்டி வந்த பின்னும், வழியெல்லாம் குளிர்விப்பு தொடரட்டும்.

நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம். இது காய்ச்சலன்று, அம்மருந்து இச்சூட்டைத் தணிக்காது.

தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. கதிரவனின் கொடுமைக்கு முதலில் இலக்காவோர், வயலிலும் சாலைப்பணியிலும் செங்கற்சூளையிலும் உழைப்போர்; தகரக்கூரையின்கீழ் தனித்து வாழும் முதியோர். உங்கள் தெருவில் அத்தகையோர் யார் யார் என்று இன்றே எண்ணிப் பாருங்கள். கோடை நண்பகலில் அவர்கள் கதவைத் தட்டி, ஒரு வார்த்தை பேசுங்கள். மறுமொழி குழறினால் காத்திராதீர்கள், குடத்தைத் தூக்குங்கள்.